சாய்த்துக் கட்டிய நாரை விடுதி

அந்த அம்மாள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கார்த்திகை மாதக் கடைசி இருக்கும். துபாய் வெயில் மரியாதை கற்றுக்கொள்ளும் பருவம். நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், மணல்மேட்டை வழித்தெடுத்த இடத்தில், நாங்களே வெட்டிய கால்வாயின் கரையில் நின்றுகொண்டிருந்தோம். எதிரே புதிதாகக் கட்டி முடித்த முகப்பு. கீழே செங்கல், மேலே கருமரச் சட்டங்களும் அவற்றுக்கிடையே வெள்ளைப் பூச்சும். ஜன்னல்கள் பதினேழு. ஈரச் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை.

ஹேரியட் அம்மாளுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். துணித் தொப்பி, கைத்தடி, சேறே இல்லாத பாலைவனத்தில் ரப்பர் பூட்ஸ். இங்கிலாந்தில் வெதர்ஃபோர்டு என்ற சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர். அந்த ஊரின் ஆற்றங்கரைத் தெருவைத்தான் நாங்கள் இங்கே மறுபடி கட்டிக்கொண்டிருந்தோம். கட்டியது அந்த ஊர் மாதிரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை.

என் பக்கத்தில் முத்திருளாண்டி மேஸ்திரி. முதுகுளத்தூர்க்காரர். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, பாராட்டு வாங்கத் தயாராக நின்றார்.

அம்மாள் தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்:

"இதை ஏன் நிமிர்த்திவிட்டீர்கள்?"

எண்ணுகிற புத்தி

இந்தத் தொடரின் போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு, குவைத் அப்பாசியாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: 'எதை எடுத்தாலும் எண்ணிக்கை சொல்கிறீர்களே, அலுக்கவில்லையா?'

அலுக்கவில்லை அம்மா. அது என் தொழில். ஒரு கட்டடத்துக்குக் கல் எத்தனை, கதவு எத்தனை, கொக்கி எத்தனை என்று முன்கூட்டியே எண்ணிச் சொல்கிறவன் நான். வளைகுடாவில் மூன்று நாடுகளில் அதைச் செய்தேன். இப்போதும் துபாய் சத்வாவில் எங்கள் வீட்டு பால்கனியில் நின்றால் எதிர்வரிசைத் தையல் கடைகளை எண்ணாமல் உள்ளே வரமாட்டேன். ஒரு கடை குறைந்தால் அன்றைக்கு ரத்த அழுத்தம் கூடிவிடும். "கடைக்காரன் ஊருக்குப் போயிருப்பான், நீங்க வந்து காபி குடிங்க" என்பாள் சாரதா. அவள் என் மனைவி. அவளுக்குக் கவலை கிடையாது. அந்தப் பங்கையும் சேர்த்து நானே படுகிறேன்.

ஓய்வு பெற்றவனை இந்த வேலைக்குக் கூப்பிட்டதற்கும் இந்தப் புத்திதான் காரணம். வெதர்ஃபோர்டு தெருவில் ஒன்றைப் போல ஒன்று இல்லை. கம்ப்யூட்டர் ஒரு ஜன்னலை அளந்து நாற்பதால் பெருக்கிவிடும். அங்கே நாற்பது ஜன்னலும் நாற்பது அளவு. பொறுமையாக ஒவ்வொன்றாக எண்ண ஒரு கிழவன் தேவைப்பட்டான்.

துறை

எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, இளவயதில் படிக்கப் போய் அந்த ஊரில் தங்கியிருந்தாராம். பாலத்தடியில் ஒரு ரொட்டிக் கடைக்கு மேல் அறை. காலையில் ரொட்டி வாசனையும் ஆற்றுப் பனியும் சேர்ந்து ஜன்னலுக்குள் வருமாம். வயதான காலத்தில், குடும்பங்கள் வந்து பார்த்துப் போகிற ஓர் உல்லாசத் தெருவைக் கட்ட நினைத்தபோது அவருக்கு வேறு ஊர் நினைவுக்கு வரவில்லை.

நான் இங்கிலாந்து போனதில்லை. ஆனால் கண்ணைக் கட்டி வெதர்ஃபோர்டில் விட்டாலும் தட்டித் தடவி வழி சொல்வேன். முதல் தடவை வந்தபோது ஹேரியட் அம்மாள் எங்கள் கண்டெய்னர் ஆபீஸில் உட்கார்ந்து, பேப்பர் கப்பில் சுலைமானியை, அதாவது பால் சேர்க்காத டீயை, ஊதி ஊதிக் குடித்தபடி, அந்த ஊரை எனக்கு ஒப்பித்தார்.

ஃபோர்டு என்றால் ஆற்றில் இறங்கிக் கடக்கிற துறை. இதைச் சொன்னதுமே எனக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. நான் மயிலாடுதுறைக்காரன். துறை என்று முடிகிற ஊர்க்காரனுக்கு இன்னொரு துறையூர்க்காரியைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டாம்.

முதலில் ஆட்டு மந்தைகள் அந்தத் துறையில் கடந்தன. பிறகு துறவிகள் வந்து மடம் கட்டினார்கள். மந்தைக்கும் மடத்துக்கும் இடையில் சந்தை முளைத்தது. சந்தை வந்தால் பாலம் வராமல் இருக்குமா? ஐந்து வளைவுகள் கொண்ட கல்பாலம். ஐந்தும் ஐந்து அகலம். கட்டக் கட்டப் பணம் தீர்ந்து, ஒவ்வொரு தடவையும் வேறு கொத்தனார் வந்து கட்டியதால் அப்படியாம். நடு வளைவு மட்டும் பெரியது, படகு போவதற்கு.

பாலத்தைத் தாண்டினால் பதினாறு மரத்தூண்கள் மேல் நிற்கும் சந்தை மண்டபம். புதன்கிழமை தோறும் இன்றைக்கும் அங்கே பாலாடைக்கட்டியும் முட்டையும் விற்கிறார்கள். அப்புறம் ஒரு முள் மட்டுமே உள்ள கடிகாரத்தோடு கிறிஸ்தவக் கோயில் கோபுரம். மணி தெரியும், நிமிஷம் தெரியாது. எனக்கு அந்தக் கடிகாரத்தை நினைத்தாலே படபடப்பு வரும். அந்த ஊர்க்காரர்கள் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கிறார்கள்.

கோயில் சுவரில் வெள்ளக் கோடுகள் உண்டு. ஆறு பெருக்கெடுத்தபோதெல்லாம் தண்ணீர் எட்டிய உயரத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மொத்தம் பதினொரு கோடுகள். காவிரி எங்கள் தெருவுக்கு வந்த கதைகளை நாங்கள் வாயால்தான் சொன்னோம். எந்தக் கோடும் வெட்டவில்லை. அதில் எனக்குச் சின்னப் பொறாமை.

"இவ்வளவும் எப்படி இடிபடாமல் தப்பித்தது?" என்று கேட்டேன்.

"ரயில் வரவில்லை," என்றார். "மூன்று மைல் தள்ளிப் போய்விட்டது. என் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஊரே அழுததாம். ரயில் வந்த ஊரில் தொழிற்சாலை வந்தது. எங்கள் ஊரில் அன்னப்பறவைகள் மிச்சமாகின."

ஊரின் மகுடம் அந்த விடுதி. பெயர் நாரை. அஸ்திவாரத்து மண் இளகி, பெரிய வெள்ளம் ஒன்றில் அது ஆற்றுப் பக்கம் சாய்ந்துவிட்டது. விழப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். விழவில்லை. அதனால் ஆண்டுதோறும் அந்த வெள்ள நாளில் ஊர் முழுக்கத் திரண்டு வந்து, முகப்புச் சுவரில் கைவைத்து ஒரு தடவை தள்ளுவார்கள். "இன்னும் ஒரு வருஷம்!" என்று கத்துவார்கள். பிறகு உள்ளே போய்க் குடிப்பார்கள். மழலையிலிருந்து முதுமைவரை ஹேரியட் அம்மாள் ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லையாம்.

அந்த விடுதியைத்தான் நாங்கள் நிமிர்த்திவிட்டோம்.

குண்டு சொன்னால் சொன்னதுதான்

யார் தவறு என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. வரைபடத்தில் சாய்வு இருந்தது. முத்திருளாண்டி அதைப் பார்த்துவிட்டு, மறைக்காமல், எல்லோர் முன்னாலும் சொன்னார்: "படம் போட்ட புள்ள தூங்கிக்கிட்டே போட்டிருக்கு சார். நான் சரி பண்ணிர்றேன்."

நானும் ஜன்னல்களை எண்ணுகிற மும்முரத்தில் தலையாட்டிவிட்டேன். சரிபண்ணியும் விட்டார். அவர் கோஷ்டியில் இருபத்திரண்டு பேர், எல்லோரும் ராமநாதபுரம் பக்கம். அந்த மண்ணில் கொத்தனார் பிள்ளை கரண்டி பிடிப்பதற்கு முன்னால் தூக்குக்குண்டு பிடிக்கிறான். நூலில் தொங்கும் அந்த இரும்புக் குண்டு எங்கே நிற்கிறதோ அங்கேதான் சுவரும் நிற்க வேண்டும். சாய்ந்த சுவரைக் கட்டியவனுக்கு அடுத்த வீட்டில் வேலை கிடைக்காது. எஞ்சினியர் வந்து பார்த்து, 'நேராக இருக்கிறது' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போனார். சாய்வாக இருக்கிறதா என்று கேட்க அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

சுவர் அவ்வளவு அழகாக வந்திருந்தது. மேஸ்திரி அதை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பியிருந்தார். வேறு யாருக்கோ அல்ல, சம்பந்திக்கு.

இங்கேதான் சிக்கல். அவர் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் தகப்பனார் கமுதியில் பேர்போன கொத்தனார். வீடியோவைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரி நிக்கிது சம்பந்தி" என்று பேசிப் பதிவு செய்து பதில் அனுப்பியிருந்தார். அந்தக் குரலை மேஸ்திரி எனக்கு மட்டுமே நான்கு தடவை போட்டுக் காட்டியிருக்கிறார்.

இப்போது கால்வாய்க் கரையில் நின்று, ஹேரியட் அம்மாள் கேட்டதை நான் தமிழில் சொன்னதும் மேஸ்திரி முகம் கறுத்துவிட்டது.

"அந்தம்மாகிட்டச் சொல்லுங்க சார். சாஞ்சு நின்னா அதுக்குப் பேரு செவரு இல்ல. விழப்போறதுன்னு பேரு."

சொன்னேன். அம்மாள் யோசிக்கவே இல்லை.

"நானூறு வருஷமாக விழப்போகிறது என்று சொல்லுங்கள்." பிறகு குரல் தணிந்து, "இது மிக நேர்த்தியான சுவர். ஆனால் இதில் நாங்கள் எதைத் தள்ளுவது?" என்றார்.

புராஜெக்ட் மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். நல்ல மனிதர்தான், ஆனால் வேலை முடிகிற தேதி அவர் கழுத்தில் தொங்கியது. மூன்று வாரத்தில் அம்மாள் திரும்ப வருவார், அதற்குள் சுவர் மாற வேண்டும், அம்மாள் சரி என்று சொல்லும்வரை மேஸ்திரிக்கு லீவு இல்லை என்று முடித்துவிட்டார். "கலாஸ்", அதாவது பேச்சு முடிந்தது, என்று கையைத் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பைசாவும் பந்தக்காலும்

மத்தியானம் காஜா மைதீன் வந்தார். கீழக்கரைக்காரர். சத்வாவில் இரும்புச் சாமான் கடை. கதவுப் பூட்டும் கொக்கியும் அவர் கடையிலிருந்துதான் சைட்டுக்கு வரும். கூடவே ஃபிளாஸ்க்கில் எலுமிச்சை பிழிந்த சுலைமானியும், கொஞ்சம் வாய்க்கொழுப்பும் வரும்.

"என்ன மேஸ்திரி, நேராக் கட்டுனதுக்குத் தண்டனையாமே? இந்த அதிசயம் எங்கயும் கேட்டதில்லையே!"

"சிரிக்காதீக பாய். வயிறு எரியுது."

"அட, பைசான்னு ஒரு ஊர்ல கோபுரமே கோணலா நிக்கிதாம். டிக்கெட் எடுத்துப் பாக்குறாங்க."

"அதைக் கட்டுனவன் மகளுக்குத் தையில கல்யாணம் இருந்துச்சா?"

காஜா பாய் ஃபிளாஸ்க்கைத் திறந்து மேஸ்திரிக்குச் சுலைமானி ஊற்றிக் கொடுத்தார். அவரை வாயடைக்க வைத்தவர் எனக்குத் தெரிந்து இதுவரை இருவர்தான். மற்றவர் அவர் மனைவி.

மேஸ்திரி செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். "சார், நீங்க படிச்சவுக, சொல்லுங்க. நேராவே விட்டா லீவு இல்ல. பந்தக்கால் நடுறப்ப பொண்ணுக்கு அப்பன் இருக்கமாட்டான். சாச்சுக் கட்டுனா நம்ம பயலுக இன்னைக்கே வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பிருவாய்ங்க. 'முத்திருளாண்டிக்குக் கை கோணிப்போச்சு'ன்னு கமுதி டீக்கடையில பேசுவாக. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சம்பந்தி முன்னால தாம்பூலம் மாத்துறது?"

 என்னிடம் இருந்தது எண்ணிக்கை மட்டும்தான். அதைச் சொன்னேன். "செங்கல் நாற்பத்தெட்டு வரிசை, மேஸ்திரி. உச்சியில் ஆறு அங்குலம் வெளியே வரவேண்டும். வரிசைக்கு ஒரு நூல்தான்."

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். நம் கொத்தனார்களின் கணக்கு.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு நூலா?"

"ஒரே நூல்."

"ஒரு நூலுன்னா... பிசகா இருக்காது சார். அளவா இருக்கும்," என்றார் மெதுவாக. சுலைமானியைக் குடிக்காமலே எழுந்து தச்சர்களிடம் போனார்.

பலகை

மேலே இருந்த மரச் சட்டங்களைத் தச்சர்கள் முதலில் கழற்றி இறக்கினார்கள். செங்கல் சுவரை மேஸ்திரியே பிரித்தார். முதல் செங்கலை வேறு யாரும் தொட விடவில்லை. சுண்ணாம்புக் கலவை முழுக்க இறுகாததால் கற்கள் முழுசாக வந்தன. உடைந்தவை நூற்றுப் பன்னிரண்டு. தண்ணீரில் போட்டுக் கழுவி மறுபடி அடுக்கினோம்.

தச்சர்களிடம் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை இழைத்து வாங்கியிருந்தார். ஒரு விளிம்பு நேர். மறு விளிம்பு சரிந்து, மேலே போகப் போகப் பலகை குறுகியது, வரிசைக்கு ஒரு நூல் கணக்கில். சரிந்த விளிம்பைச் சுவரில் பொருத்தி, நேர் விளிம்பில் குண்டைத் தொங்கவிட்டார். சுவர் சாய்ந்திருந்தது. குண்டு, பலகையில் போட்ட கோட்டின்மேல் மயிரிழை தப்பாமல் நின்றது.

"குண்டு எப்பயும் போலத்தான் சார் தொங்குது. அதுகிட்ட நாம பொய் சொல்லச் சொல்லல."

அணைகளுக்கும் மதில்களுக்கும் சரிவுப் பலகை வைப்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். படித்ததை அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டு முகப்புக்கு அதை வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

எனக்கு வேறு கவலை. உள்ளே நேரான கான்கிரீட் சுவர் இருக்கிறது. செங்கல் முகப்பு அதிலிருந்து விலகிக்கொண்டே போகிறது. இரண்டையும் துருப்பிடிக்காத கொக்கிகளால் இணைக்க வேண்டும். மேலே போகப் போகக் கொக்கி நீளமாக வேண்டும். காஜா பாய் பதினாறு வெவ்வேறு நீளங்களில் செய்வித்துக் கொண்டுவந்தார். இருநூற்று இருபத்து நான்கு. ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்தேன். "சார், செவத்த நாங்க கட்டி முடிக்கிறதுக்குள்ள நீங்க பிடுங்கிருவீக போல" என்று பையன்கள் கேலி செய்தார்கள்.

மேஸ்திரி பயந்த மாதிரியே நடந்தது. பாதி வளர்ந்த சாய்ந்த சுவர் வீடியோவாகக் கமுதிக்குப் போய்விட்டது. சம்பந்தியிடமிருந்து ஒரு வரி வந்தது: "என்ன சம்பந்தி, உடம்பு சௌகரியமா?" மேஸ்திரி அதற்குப் பதில் போடவில்லை.  கைமட்டும் நிற்கவில்லை.

இன்னும் ஒரு வருஷம்

சொன்னபடி ஹேரியட் அம்மாள் திரும்பி வந்தார். நேரே சுவரிடம் போகவில்லை. நாங்கள் கட்டியிருந்த ஐந்து வளைவுப் பாலத்தின் நடுவில் ஏறி நின்றார். சொந்த ஊரில் அவர் வீடு பாலத்துக்கு அக்கரையில். நாரை விடுதியைப் பாலத்தின் நடுவிலிருந்துதான் தினமும் பார்ப்பாராம்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கைத்தடியைப் பாலத்துக் கைப்பிடியில் மாட்டியதே மறந்துபோய், வேகமாக இறங்கி வந்தார்.

"எல்லோரையும் கூப்பிடுங்கள். தள்ள வேண்டும்."

ராமநாதபுரம் கோஷ்டி, நேபாளித் தச்சர்கள், வங்காளப் பூச்சுக்காரர்கள், ஃபிளாஸ்க்கோடு நின்ற காஜா பாய், பெஷாவர்க்கார டிரைவர். முப்பத்தொன்பது பேர் சுவரோரம் வரிசையாக நின்று கைவைத்தார்கள்.  "மெதுவா, மெதுவா" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

"மிஸ்டர் முத்து, நீங்களும் வாருங்கள்," என்றார் அம்மாள்.

"நான் கட்டுன செவத்த நானே தள்ளுறதா? மாட்டேன்மா." இதற்கு நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. அவர் மூலைக்குப் போய்ப் பலகையைச் சுவரில் பொருத்தி, குண்டைத் தொங்கவிட்டு, அதன்மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு நின்றார்.

"யல்லா பாய், ஜோர் சே!" என்று பலமாகத் தள்ளச் சொல்லிக் கத்தினார் டிரைவர். முப்பத்தொன்பது பேரும் ஒரே மூச்சில் தள்ளினார்கள். அம்மாள் முதல் ஆளாகத் தள்ளினார். ரப்பர் பூட்ஸ் மணலில் வழுக்கியது.

மேஸ்திரி கையைத் தூக்கினார். "அசையல," என்றார். பிறகு இன்னும் சத்தமாக, "அசையலடா!"

"இன்னும் ஒரு வருஷம்!" என்று அம்மாள் தன் மொழியில் கத்தினார். சுவரை ஏற்றுக்கொண்டதற்கு அதுவே கையெழுத்து. மேனேஜர் மேஸ்திரியின் தோளைத் தட்டி, போய்ப் பெட்டி கட்டும்படி சைகை காட்டினார்.

கமுதியிலிருந்து

இதையும் எவனோ வீடியோ எடுத்து அனுப்பிவிட்டான்.

கல்யாணத்தன்று எனக்குப் போன் வந்தது. நாதஸ்வரமும் பாத்திரச் சத்தமும் பின்னால். "சார், சம்பந்தி பேசணுங்கிறாக" என்று மேஸ்திரி போனைக் கைமாற்றினார். 

கனத்த குரல். "வணக்கம் சார். அந்த வீடியோவ மண்டபத்துல எல்லாருக்கும் போட்டுக் காட்டிக்கிட்டு இருக்கேன். மொதல்ல நானும் தப்பாத்தான் நெனச்சேன். அப்பறந்தான் பாத்தேன். அத்தன பேரும் செவத்தத் தள்ளுறாக. எங்க சம்பந்தி மட்டும் செவத்தப் பாக்கல, குண்டப் பாக்குறாரு." கொஞ்சம் நிறுத்தினார். "அவருதான் சார் கொத்தனாரு. அந்தப் பலகைய ஊருக்குக் கொண்டுவரலையான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பலகை என்னிடம் இருக்கிறது. சத்வா வீட்டில் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. துடைக்கும்போதெல்லாம் இது எதற்கு என்று சாரதா கேட்பாள். ஒவ்வொரு தடவையும் முழுக் கதையையும் சொல்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளை அங்கே கூட்டிப்போனேன். கால்வாயில் வாத்துகள் பதினான்கு. அன்னங்கள் இன்னும் வரவில்லை, வரும் என்கிறார்கள். நாரை விடுதி முன்னால் ஒரே கூட்டம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோரும் சுவரில் கைவைத்துத் தள்ளிப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு தமிழ்க் குடும்பம். சின்னப் பெண் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு, "டாடி, இட்ஸ் ஃபாலிங்!" என்று பின்வாங்கினாள்.

"இல்லம்மா. நானூறு வருஷத்துக்கு முன்னாடி வெள்ளைக்காரன் கட்டினது. அப்படியே பேத்துக் கொண்டாந்து வச்சிருக்காங்க," என்றார் அப்பா.

சாரதா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பயனில்லை.

"வெள்ளைக்காரர் இல்ல தம்பி. முதுகுளத்தூர்க்காரர்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "சாஞ்சிருக்கே, அங்கிள்?"

"சாயல. சாச்சுக் கட்டினது."

பிறகு அந்தப் பெண்ணிடம் குனிந்து சொன்னேன்: "நல்லாத் தள்ளும்மா. ஒண்ணும் ஆகாது. உள்ள இருநூத்தி இருபத்தி நாலு கொக்கி இருக்கு. நானே எண்ணியிருக்கேன்."